கடன் வாங்க வேண்டாம் தம்பி, நெல் மூட்டை அறையே போதும்

கேள்வி: அண்ணா, எனக்கு ஊர் கண்ணமங்கலம் பக்கம். வயது 27, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அப்பா ரொம்ப வருஷமாகக் கூத்தில் ஆர்மோனியம் வாசித்துப் பாடுகிறார். நான் அம்மன் பாட்டு எழுதிப் பாடுவேன். வீட்டிலேயே சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட வேண்டும் என்று ஆசை. மாடியில் ஷீட் போட்ட பத்துக்குப் பத்து ரூம் ஒன்று சும்மா கிடக்கிறது. கீழே நெல் மூட்டை அடுக்குகிற ரூம் இருக்கிறது, பதினாலுக்கு ஒன்பது, கான்கிரீட் தளம். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் கேட்டதற்கு கண்டன்சர் மைக், எட்டு சேனல் மிக்சர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், சுவர் முழுக்க ஃபோம் என்று எழுதி 78,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மீதிக்குக் கடன் வாங்கலாமா? ஃபோமுக்குப் பதிலாக முட்டை அட்டை ஒட்டினால் செலவு குறையுமா? பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, கடன் வேண்டாம். அந்தக் கொட்டேஷனை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். அதில் இருக்கிற பொருள்கள் மோசமானவை என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் வேலைக்கு அவற்றில் பாதி தேவையே இல்லை, தேவையான சில சாமான்கள் அதில் எழுதப்படவும் இல்லை. 40,000 ரூபாயில் உங்கள் அப்பா குரலை இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் கேட்கிற மாதிரி பதிவு செய்ய முடியும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பணத்தை எந்த வரிசையில் செலவு செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம்: முதலில் அமைதிக்கு, அப்புறம் மைக்குக்கு, கடைசியில்தான் மற்றதெல்லாம்.

அறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பதிவில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். மாடி ரூமை மறந்துவிடுங்கள். ஷீட் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் உட்காரவே முடியாது. ஃபேன் போட்டால் மைக்கில் காற்றுச் சத்தம், போடாவிட்டால் பாடுகிறவருக்கு மயக்கம். மழை வந்தால் ஷீட்டில் விழுகிற சத்தத்துக்குப் பேசினாலே கேட்காது. அதோடு அந்த ரூம் நீளம் பத்து, அகலம் பத்து, உயரமும் பத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சிறிய அறைக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் பத்தடி இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே நின்று கும்மென்று வீங்கும், அதன் மடங்குகளான 113, 170 பக்கமும் அப்படியே. மூன்று திசையும் ஒரே அளவாக இருந்தால் மூன்று வீக்கமும் ஒரே சுருதியில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். மிருதங்கத்தில் தொப்பியைத் தட்டினால் சில அடிகள் மட்டும் பூதாகரமாகக் கேட்கும், சிலது காணாமல் போகும். கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் அது முழுதாகச் சரியாகாது.

கீழே இருக்கிற நெல் மூட்டை ரூம்தான் உங்கள் ஸ்டுடியோ. நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. பதினாலுக்கு ஒன்பது என்பதால் வீக்கங்கள் பிரிந்து விழும். மேலே கான்கிரீட், சுற்றிலும் செங்கல் சுவர், ஒரே ஜன்னல். நெல் மூட்டை இருக்கிறதே, கனமும் இருக்கிறது, சாக்குக்குள்ளும் நெல்லுக்கு நடுவிலும் காற்று புகுந்து வெளிவர இடமும் இருக்கிறது, மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒலி ஒரே பக்கமாகத் திரும்பி வராது. ஒலியை உறிஞ்சுவதற்காக ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து மூலையை நிரப்புவார்கள், அந்த வேலையை நெல் இலவசமாகச் செய்கிறது. அறுவடை முடிந்து மூட்டை நிறைய இருக்கும்போது ஒரு தடவையும், விற்று முடித்துக் காலியாகக் கிடக்கும்போது ஒரு தடவையும் உள்ளே நின்று ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். இரண்டு மூலைகளில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மூட்டையை அடுக்கி அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று வீட்டில் கேளுங்கள். தூசிக்கு மட்டும் ஜாக்கிரதை: மைக்கை வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டு வேறு அறையில் வையுங்கள். எலி கேபிளைக் கடிக்கும், அதனால் கேபிளையும் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

முட்டை அட்டை விஷயத்துக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை, உள்ளே எழும் எதிரொலியை உறிஞ்சுவது வேறொரு வேலை, இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடைவெளி இல்லாத அடைப்பும் வேண்டும், அட்டையிலோ ஃபோமிலோ இரண்டுமே கிடையாது. எதிரொலியை உறிஞ்சப் பருமனும் பஞ்சு மாதிரி காற்று நுழையும் பொருளும் வேண்டும், முட்டை அட்டை அதிலும் தேறாது, கொஞ்சம் மேல்ஸ்தாயியை மட்டும் தொடும். போதாக்குறைக்கு, வயர் ஓடுகிற சுவரில் காய்ந்த காகிதத்தை ஒட்டிவைப்பது தீ விபத்துக்கு நாமே வழி செய்வது. கடைக்காரர் சொன்ன ஒரு இஞ்சு ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? சிஸ் சிஸ் என்கிற மேல் சத்தமெல்லாம் செத்துவிடும், கீழ்ஸ்தாயி அப்படியே நிற்கும். குரல் டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். அதற்குப் பத்துப் பதினைந்தாயிரம் கொடுப்பானேன்?

உங்கள் வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதா? இருந்தால் அதுதான் முதல் சாமான். அதைப் பாடுகிறவருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் இல்லை, கவனியுங்கள், பாடுகிறவருடைய முதுகுக்குப் பின்னால். பாட்டுக்கு நாம் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக்குக்கு முன்பக்கம்தான் காது, பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அது பாடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரிலிருந்து திரும்பி வருவதைத்தான் அதிகமாகப் பிடிக்கும். யூடியூப் வீடியோக்களில் மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஃபோம் வைத்திருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். அந்தப் பணத்தில் இரண்டு மெத்தை வாங்கலாம்.

அதற்கு மேல் ஆறாயிரம் ரூபாய் அறைக்கு ஒதுக்குங்கள். ராக்வூல் ஸ்லாப் என்று கேட்டால் ஃபால்ஸ் சீலிங், ஏசி வேலை செய்கிறவர்கள் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். 50 மில்லிமீட்டர் பருமன், கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி, நாலடிக்கு இரண்டடி அளவு. தச்சரிடம் சொல்லி சாதாரண மரச்சட்டம் அடித்து, இரண்டு ஸ்லாப்பை ஒன்றோடொன்று சேர்த்து உள்ளே வைத்து, துணியால் மூடித் தையுங்கள். எந்தத் துணி என்றால், வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. குடியாத்தம் கைலித் துணி தாராளமாகப் போதும். ரெக்சின் மட்டும் போட்டுவிடாதீர்கள், மேல்ஸ்தாயி உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். நாலு பலகை போதும் ஆரம்பத்துக்கு: பாடுகிறவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொன்று, தலைக்கு மேலே ஒன்று, மெத்தைக்கு எதிர்ச்சுவரில் ஒன்று. சுவரோடு ஒட்டாமல் நாலு இஞ்சு தள்ளி மாட்டினால் இன்னும் கீழ்ஸ்தாயி வரைக்கும் வேலை செய்யும், அந்த இடைவெளிக்குக் காசு இல்லை. ராக்வூலை வெட்டும்போது மூக்குக்கு மாஸ்க்கும் கைக்குக் கையுறையும் கட்டாயம், அதன் துகள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும், பாடுகிற தொண்டைக்கு நல்லதே இல்லை.

ஜன்னலுக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை அளவாக வெட்டி, ஓரத்தில் ரப்பர் பீடிங் ஒட்டி, பதிவு நேரத்தில் மட்டும் பொருத்தி எடுக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள். கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் போதும், வேலூர்-ஆரணி ரோட்டில் போகிற பஸ் ஹாரன் முழுசாக உள்ளே வரும், அதையும் ரப்பர் பட்டை வைத்து மூடுங்கள். என்ன செய்தாலும் பம்புசெட், நாய், மயில் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. அதற்கு நேரம்தான் மருந்து. ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று வரை. சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு இது கஷ்டம், உங்கள் அப்பாவுக்கு இல்லை. விடிய விடியக் கூத்தில் பாடிப் பழகியவர்களுக்கு நடுச்சாமத்துக்கு மேல்தான் குரல் கனிந்து நிற்கும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பதிவு, அப்புறம் ஃபேன் போட்டுக் கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதிவு என்று போங்கள்.

இப்போது மைக். கண்டன்சர் மைக் வெளிச்சத்தத்தை அதிகம் இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. ஒரே தூரத்தில், ஒரே திசையமைப்பு உள்ள இரண்டு மைக்கை வைத்தால் குரலுக்கும் வெளிச்சத்தத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், கண்டன்சரை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளிவைத்துப் பாடுவோம், மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் வகை மைக்கை நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடுவோம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், அறை அப்படியே நிற்கும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது டைனமிக், அதிலும் ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மாடல், இன்னும் மேடைகளில் அதுதான். கூத்துக் குரலுக்கு அது சரியாகப் பொருந்தும்: நாலரை, ஐந்து கட்டையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்து பாடுகிறவர்களுக்கு விலை குறைந்த கண்டன்சர் பல நேரம் கூர்மையாக, காதைக் குத்துகிற மாதிரி ஆகிவிடும். எச்சில், வியர்வை, தூசி, கீழே விழுவது எல்லாவற்றையும் எஸ்எம்58 தாங்கும். நாளைக்கு வேண்டாம் என்றாலும் நல்ல விலைக்கு விற்கலாம். சுமார் பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த மைக்கில் போலி ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலிதான். ரசீதும் கம்பெனி வாரண்டியும் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய் ரிச்சி தெருவில் சுற்றினால் கேபிள், ஸ்டாண்டு, கனெக்டர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மைக்கை அங்கே தெரியாத ஆளிடம் பேரம் பேசி வாங்காதீர்கள்.

மிக்சர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விலை குறைந்த யூஎஸ்பி மிக்சர்களில் எட்டு மைக் செருகினாலும் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டருக்குப் போவது எல்லாம் கலந்த இரண்டே டிராக்தான். அப்பா குரல் குறைவாக இருக்கிறது என்று மறுநாள் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டு மைக் உள்ளீடு இருக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டி, ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காகப் போகும். பெரிங்கர் யுஎம்சி202எச்டி உங்கள் பட்ஜெட்டுக்கு வரும், ஒன்பது, பத்தாயிரத்துக்குள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 அதைவிட நல்லது, விலையும் கூட, பழையது நல்ல நிலையில் கிடைத்தால் எடுங்கள். கண்டன்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இரண்டிலும் இருக்கிறது, பின்னால் கண்டன்சர் வாங்கினாலும் இதுவே போதும். ஒற்றை மைக் மாடலை வாங்காதீர்கள், சில ஆயிரம் மிச்சம் பார்த்தால் மிருதங்கத்துக்கு வழியில்லாமல் போய்விடும்.

ஸ்பீக்கர் இப்போதைக்குக் கிடையாது. சரிசெய்யாத அறையில் ஸ்பீக்கர் பொய் சொல்லும். ஐந்து, ஆறாயிரத்துக்குள் காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன், ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் மாதிரி ஒன்று. மூடிய வகையாக இருந்தால்தான் பாடும்போது அதிலிருந்து கசிகிற இசை மைக்கில் ஏறாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், சத்தம் தாமதமாக வரும். கனமான அடியுள்ள ஸ்டாண்டு, நல்ல எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள் இரண்டு, வாய்க்காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கிற பாப் ஃபில்டர் ஒன்று, எல்லாம் சேர்த்து மூவாயிரம்.

கூட்டிப் பார்த்தால் 34,000, 35,000-இல் நிற்கும். விலை ஏறி இறங்கும், அதனால்தான் மிச்சம் வைக்கச் சொல்கிறேன். மிச்சத்தில் லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், முடிந்தால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள், பழைய மெஷினும் ஓடும். பதிவு செய்கிற மென்பொருளுக்கு ரீப்பர் எடுங்கள்: 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். கிராக் செய்த சாஃப்ட்வேர் யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள், அதோடு வருகிற வைரஸ் அப்பாவின் பதிவையெல்லாம் அழித்துவிட்டுப் போகும். பதிவு நேரத்தில் வைஃபையை நிறுத்துங்கள், போனை ஃப்ளைட் மோடில் போட்டுத் தள்ளிவையுங்கள். உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டால் லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள்.

கரண்ட் விஷயத்தை அந்தக் கொட்டேஷனில் யாரும் எழுதவில்லை, ஊர்ப்பக்க ஸ்டுடியோவில் அதுதான் பெரிய தலைவலி. பதிவில் ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பிரச்சினை எர்த்தில் இருக்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் பாயிண்ட்டில் செருகுவது, எர்த் பின்னை உடைத்துவிடுவது எல்லாம் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு அறைக்காவது ஒழுங்காக எர்த் கொடுங்கள், மிச்சப் பணத்தில் முதல் செலவாக அதையே செய்யுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அதில் பதிவு செய்ய வேண்டாம், கரகரவென்று இருக்கும். அதே சமயம் லேப்டாப் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கரண்ட் போன நேரமே உங்களுக்கு நல்ல நேரம், ஊரே அடங்கியிருக்கும்.

எல்லாம் வந்ததும் முதல் வேலையாக அப்பாவைப் பதிவு செய்யுங்கள். உங்கள் பாட்டு அப்புறம். தப்பாக நினைக்க வேண்டாம், உங்களுக்கு 27 வயது, உங்கள் குரல் இன்னும் வளரும். நம் வட ஆற்காட்டுப் பக்கம் ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை என்று எத்தனையோ கூத்துக்காரர்கள் விருத்தம், தரு என்கிற கூத்துப் பாட்டுகளைக் காதால் கேட்டே கற்று, காதுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே தருவை ஒரு ஜமாவில் (கூத்துக் குழுவில்) பாடுகிற மாதிரி பக்கத்து ஜமாவில் பாடுவதில்லை. அப்பா பாடுகிற வழி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் தொழிலாகச் செய்கிற வேலைகளில் இதைப்போல மனசுக்கு நிறைவான வேலை வேறு கிடையாது, அதை நீங்கள் வீட்டிலேயே செய்யப் போகிறீர்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பாரதக் கூத்து என்று ஊர் ஊராகப் போவார்கள், பிடிக்கவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் பதிவுக்குத் தோது. டிக் டிக் என்று தாளம் தட்டுகிற மெட்ரோனோம் போட்டு அதற்குப் பாடச் சொல்லாதீர்கள். தனித்தனியாக ஹெட்ஃபோன் மாட்டிப் பாடவும் சொல்லாதீர்கள். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் அவர் அடுத்த அடியை எடுப்பார், அந்தப் பார்வையை வெட்டினால் பாட்டு செத்துவிடும். எல்லோரும் ஒரே அறையில், பாயில் உட்கார்ந்து, கூத்தில் உட்காருகிற அதே வரிசையில் பாடட்டும். எஸ்எம்58 அப்பா வாய்க்கு. இரண்டாவது மைக்கை ஊர் மைக்செட்காரரிடம் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வாங்கி மிருதங்கத்துக்கு வையுங்கள். ஆர்மோனியம் அப்பா மைக்கிலேயே போதுமான அளவு வரும், வேண்டுமென்றால் மைக்கை இரண்டு விரல் கீழே இறக்குங்கள். துருத்தி காற்று இழுக்கிற பக்கமாக மட்டும் மைக் திரும்பக் கூடாது, புஸ் புஸ் என்று அதுதான் முதலில் கேட்கும். முகவீணை (சின்ன நாயனம்) வாசிக்கிறவர் வந்தால் அவருக்கு மைக்கே வேண்டாம், ஐந்தடி தள்ளி, அப்பா மைக்கின் முதுகுப்பக்கமாக உட்காரவையுங்கள், அப்படியும் தாராளமாகக் கேட்கும்.

கெய்ன், அதாவது இன்டர்ஃபேஸில் மைக் சத்தத்தை ஏற்றி இறக்குகிற திருகு, அதை வைக்கும்போது சாதாரணமாகப் பாடச் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் குரல் உச்சத்துக்குப் போகுமோ அந்த அடியைப் பாடச் சொல்லி, அது மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத மாதிரி வையுங்கள். மென்பொருளில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து வெடித்த குரலை எந்தச் சாஃப்ட்வேராலும் முழுதாக மீட்க முடியாது, குறைவாகப் பதிவானதை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிதான் ஆகும், அதனால் விடாமல் ஓடட்டும். பாட்டுக்கு நடுவில் அவர் பேசுகிறது, சிரிக்கிறது, இந்தத் தரு யாரிடம் கற்றது என்று சொல்கிறது எல்லாம் இருக்கட்டும். அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

உங்கள் அம்மன் பாட்டுக்கு ஒரே ஒரு விஷயம் முக்கியம். அப்பாவின் ஆர்மோனியத்தோடு கீபோர்டு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் போனில் ட்யூனர் ஆப் போட்டு ஆர்மோனியச் சுருதியைப் பாருங்கள். பழைய ரீடு, கீபோர்டின் சுருதிக்குச் சரியாக இருக்காது, கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். ஆர்மோனியத்தை மாற்ற முடியாது, கீபோர்டைத்தான் அதற்குத் தகுந்தபடி ஏற்றவோ இறக்கவோ வேண்டும், அதில் ட்யூனிங் என்று ஒரு இடம் இருக்கும். அப்புறம், படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக்குப் பாட்டு வர வேண்டும் என்றால் வைகாசிக்குள் பதிவை முடியுங்கள். ஆடி பிறந்துவிட்டால் நாலு ஊர் கோயில் ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும், உங்கள் ஜன்னல் பலகை ஒன்றும் செய்யாது. மிக்ஸ் முடித்ததும் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல் மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். பாட்டு உண்மையில் அதில்தான் ஒலிக்கப் போகிறது, அதில் கீழ்ஸ்தாயி அநேகமாக வராது, உங்கள் குரலும் உடுக்கையும் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது.

வருமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கடன் என்று சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். யூடியூப் காசை நம்பித் தவணை கட்ட முடியாது. உள்ளூரில் வேலை இருக்கிறது: ஆட்டோவில் ஓடுகிற கடை விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளி ஆண்டு விழாவுக்குக் குரல் பதிவு. வேலூருக்கும் ஆரணிக்கும் அலையாமல் பக்கத்திலேயே ஒரு ஆள் தெளிவாகப் பதிவு செய்து கொடுக்கிறார் என்றால் தேடி வருவார்கள். சினிமா மெட்டில் அம்மன் பாட்டு எழுதுவதை மட்டும் விடுங்கள், மெட்டுக்கு உரிமை வைத்திருக்கிறவர் யூடியூபில் உரிமை கோரினால் பாட்டும் காசும் கையை விட்டுப் போகும். வேறு ஜமாக்காரர்களைப் பதிவு செய்தால் ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள், பேசிய பணத்தை அன்றைக்கே கொடுங்கள். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி பாடினவருக்கும் வாசித்தவருக்கும் தங்கள் நிகழ்ச்சி மேல் 50 வருஷத்துக்கு உரிமை இருக்கிறது, கூத்துக்காரர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நெல் மூட்டை ரூமில் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தி, போனில் ஒரு நிமிஷம் வெறும் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள், அப்புறம் நடுவில் நின்று நாலு கைதட்டு, அப்புறம் அப்பாவை ஒரு விருத்தம். மெத்தை தொங்கவிட்டு மறுபடி அதே மூன்றும். ஆறு பதிவையும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுப் பலகையை எங்கே மாட்டலாம் என்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக வேண்டாம், அது சத்தத்தை நசுக்கிவிடும், டாக்குமென்ட் என்று போட்டு மூலக் கோப்பையே அனுப்புங்கள்.